அபினிப் பதிவேடு

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக அது நிற்கிறது. அதனை அடுத்துச் சூது. அதற்கும் அடுத்து மருந்து. இவ்வைப்பு முறைக்கு உரையாசிரியர்கள் தத்தம் நோக்கில் காரணம் கூறியுள்ளனர். அவற்றுள் புகுவது நம் கருத்தன்று. கள்ளை அத்துணைக் கடிந்த புலவர், இரண்டு அதிகாரம் தள்ளி மருத்துவத்தைப் பேசும்போது, நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பேணுபவன் என அதனை நான்கு உறுப்பாக வகுத்தார் என்பதே ஈண்டு நாம் கருதத் தக்கது. நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான்.

போதைக்கு ஆட்பட்டவர்களை நம் நாட்டு அரசும் சமூகமும் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளாக எவ்வாறு நடத்தி வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கப் புகுந்தபோது, இந்த நான்காமவனைத்தான் எங்கும் காணோம். நாம் தொழிலால் எழுத்தர். பதிவேடும் உரிமமும் குறிப்புத் தாளும் நம் அன்றாடப் பிழைப்பு. ஆகவே அபினியின் வரலாற்றையும் அதன் பதிவேடுகள் வழியாகவே காண முற்படுகிறோம். வரலாற்றுப் பேராசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

நம் அடுக்களையில் பாயசத்துக்கும் குருமாவுக்கும் அரைக்கிற கசகசா, அபினிச் செடியின் விதைதான். விதையை உண்டு மயங்கியவர் இல்லை. முற்றாத காயை மாலையில் கீறிவிட்டால் இரவெல்லாம் பால் வடிந்து, காற்றுப்பட்டுக் கறுத்து இறுகும். காலையில் அதை வழித்தெடுப்பார்கள். அதுவே அபினி. வலிக்கும் வயிற்றுப்போக்கிற்கும் அது பழைய மருந்து. 1773ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்கத்து அபினி வாணிகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை ஆக்கினார். அன்று தொட்டு அம்மருந்து வருவாய் இனமாயிற்று. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. உழவருக்கு முன்பணம் தந்து பயிரிடச் செய்து, விளைந்ததைக் கம்பெனி குறித்த விலைக்கே வாங்கிக் கல்கத்தாவில் ஏலம் விட்டனர். சீனப் பேரரசு அபினியைத் தடை செய்திருந்தமையால், கம்பெனி தன் கப்பல்களில் அதனை ஏற்றவில்லை. ஏலம் எடுத்த வணிகர் ஏற்றினர். கை கழுவும் இக்கலையை நம் அலுவலகங்களிலும் நாம் அவ்வப்போது காண்பதுண்டு. சீனத்தின் மீது தொடுக்கப்பட்ட இரு போர்களும், 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இந்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அபினியால் வந்ததும் பலரும் அறிந்தவை. இருபது வயது இளைஞராக இருந்த தாகூர் 1881இல் இவ்வாணிகத்தைக் கண்டித்து வங்காளியில் கட்டுரை எழுதினார். தாதாபாய் நௌரோஜியும் எதிர்த்துப் பேசினார். காஜிப்பூர்த் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. அங்கு இப்போது மருந்துக்கான சாரப்பொருள்கள் எடுக்கப்படுகின்றன. நிருவாகம் மத்திய நிதியமைச்சகத்தின் வருவாய்த் துறையைச் சார்ந்தது. அபினி எவ்வழியில் இந்நாட்டு அரசாங்கத்துக்குள் நுழைந்ததோ, அவ்வழியின் சுவடு அந்தத் துறைப் பெயரில் இன்றும் அழியவில்லை.

ஏற்றுமதி ஒரு புறம் இருக்க, உள்நாட்டில் நிலை என்ன? 1878ஆம் ஆண்டின் அபினிச் சட்டப்படி உரிமம் பெற்ற கடைகளில் எவரும் அபினி வாங்கலாம். குறித்த அளவுக்கு மேல் வைத்திருப்பதும், உரிமமின்றி விற்பதுமே குற்றங்கள், உண்பது குற்றமன்று. இங்கிலாந்தில் கிறித்தவ அறநெறியாளர் சிலர் கிளர்ச்சி செய்யவே, 1893இல் பிராசி பிரபுவின் தலைமையில் அரச ஆணையம் ஒன்று அமைந்தது. தர்பங்கா மகாராஜாவும் ஜுனாகத் திவானாக இருந்த ஹரிதாஸ் விஹாரிதாஸ் தேசாயும் அதிலிருந்த இரு இந்தியர்கள். எழுநூறு பேருக்கு மேல் சாட்சியம் கேட்டு 1895இல் அறிக்கை தந்தனர். இந்தியர் அபினியை அளவோடு உண்கின்றனர், தடை வேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஹென்றி வில்சன் என்ற உறுப்பினர் ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். வருவாயைக் காக்கவே ஆணையம் கண்ணை மூடிக்கொண்டது என்று அன்றே பழி எழுந்தது. பழி முற்றும் பொய்யன்று. ஆயினும் அவ்வறிக்கையில் ஓர் உண்மையும் இருந்தது. சாட்சி கூறியவர்களுக்கு அபினி உண்பவன் அயலானாகத் தோன்றவில்லை. தாத்தா உண்டார், வண்டியோட்டி உண்டான், ராஜபுத்திர வீரர் விருந்தினர்க்கு உள்ளங்கையில் கரைசலை ஊற்றிக் கொடுத்தார். பம்பாய் ஆலைகளில் வேலைக்குப் போன தாய்மார், குழந்தை அழாமல் உறங்கட்டும் என்று அபினி கலந்த குளிகையை ஊட்டிவிட்டுப் போனார்கள். பின்னாளில் அச்செய்தி வெளியானபோது நாடு பதறியது. பதறியவர்கள் தாயைப் பழித்தார்களே ஒழிய, ஆலையில் குழந்தைக்குத் தொட்டில் கட்ட ஓர் இடம் உண்டா என்று கேட்டவர் சிலரே.

அசாமின் கதையை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இந்த வரலாறு முழுவதையும் அங்கு ஒரே இடத்தில் காணலாம். அசாமியர் தம் தோட்டத்திலேயே அபினிச் செடி வளர்த்தவர்கள். அப்பழக்கத்துக்கு ஆளானவனைக் கானியா என்பர். ஹேமச்சந்திர பருவா கானியாவை நகையாடி எழுதிய நாடகமே அம்மொழியின் தொடக்க கால நாடகங்களுள் ஒன்று. 1860இல் ஆங்கில அரசு வீட்டுப் பயிரைத் தடை செய்தது. மக்கள் நலம் கருதி என்று நினைத்தால் பிழை. தோட்டத்து அபினியை நிறுத்திவிட்டு, அரசாங்கக் கடையில் அரசாங்க அபினியை விற்றது. மறு ஆண்டு அக்டோபரில் நகாவ் மாவட்டத்துப் புலகுரியில் உழவர் திரண்டனர். வெற்றிலைக்கும் பாக்குக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. ஆங்கில அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உழவர் பலர் மாண்டனர். அதன் பிறகு அரசு அபினியின் விலையைப் படிப்படியாக உயர்த்திற்று. விலை ஏறினால் பழக்கம் குறையும் என்றனர். அரிசிக்கு வைத்திருந்த காசு அபினிக்குப் போயிற்று, பழக்கம் போகவில்லை.

1921இல் காந்தியடிகள் அசாம் சென்றார். ஒத்துழையாமைத் தொண்டர்கள் அபினிக் கடைகளின் முன் மறியல் செய்தனர். விற்பனை பெரிதும் சரிந்தது. அரசு தொண்டர்களைச் சிறையிலிட்டது. சர்வதேச சங்கம் மருத்துவத் தேவைக்குப் பதினாயிரம் பேருக்கு ஆறு சேர் அபினி போதும் என்று வகுத்திருக்க, அசாமின் நுகர்வு அதைப்போல் பல மடங்காக இருந்தது. அசாம் காங்கிரஸ் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதற்குத் துணை நின்றவர் சி. எஃப். ஆண்ட்ரூஸ். தலைநகரில் ஆண்ட்ரூஸ் கஞ்சுக் குடியிருப்பில் வாழ்ந்த நம் தமிழ்க் குடும்பங்களுள் எத்தனை பேர் அப்பெயர் யாருடையது என்று கேட்டிருப்போம்? 1925இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆனால் நெடுங்காலம் உண்டு முதிர்ந்தவர்களைத் திடீரென்று வெறுங்கையோடு விடலாகாது, அவர்களைத் தனியே பதிவு செய்து பேண வேண்டும் என்றும் கருதியது. பின்னர் 1939இல் கோபிநாத் பர்தொலாயின் அமைச்சரவை அபினி ஒழிப்பை இயக்கமாகவே நடத்தியது. சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிய காலத்தை ஒட்டியதே இதுவும். கடையை அடைத்த கையோடு, அடைபட்ட கடையின் முன்னே தவித்து நிற்பவனை என்ன செய்வது என்ற வினாவையும் அசாமியர் எழுப்பிக்கொண்டனர் என்பதற்காகவே இதனைச் சொல்ல நேர்ந்தது.

அத்தவிப்பு எத்தகையது என்பதை அறியாதார் உண்டு. அபினி நின்றால் முதலில் கொட்டாவி. பின் கண்ணிலும் மூக்கிலும் நீர். எலும்புக்குள் குடைச்சல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை. ஒரு வாரம் பத்து நாளில் உடல் ஒருவாறு தெளியும். ஏக்கம் அத்துடன் தெளிவதில்லை. மாதங்கள் கழித்தும் வரும். இடைவெளிக்குப் பின் பழைய அளவையே எடுப்பவன் மூச்சடங்கி இறப்பதும் உண்டு. உடம்பு அவ்வளவைத் தாங்கும் திறனை இழந்திருக்கும். சிறையிலிருந்தும் சிகிச்சை இல்லத்திலிருந்தும் வெளிவந்த முதற்சில வாரங்களே மிக ஆபத்தானவை. மன உறுதி இருந்தால் விடலாமே என்று நாம் எளிதாகச் சொல்லும்போது, மூளையின் அமைப்பே மாறிப்போன ஒருவரிடம் பேசுகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

விடுதலைக்குப் பின் 1949இல் அகில இந்திய அபினி மாநாடு கூடிப் பத்தாண்டுக் கெடு விதித்தது. 1959 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, மருத்துவத்துக்கு அல்லாத அபினி விற்பனை நிறுத்தப்பட்டது. விலக்கு ஒரு சாராருக்கு மட்டும். நாள்பட்ட பழக்கத்தினர் எனப் பதிவு பெற்றவர்கள் உரிமச் சீட்டைக் காட்டிக் குறித்த அளவை வாங்கலாம். இதுவே தலைப்பில் நாம் குறித்த பதிவேடு. நம்மைப் போன்ற ஓர் எழுத்தர் மேசையில் அது இருந்திருக்கும். உண்பவரின் பெயர் ஒரு பத்தியில், அவருக்குரிய அளவு இன்னொன்றில். அப்பதிவேட்டில் பெயர் உடையவன் திருடனாக வேண்டியதில்லை, ஒளிய வேண்டியதில்லை. அவன் வாங்கும் பொருளில் கலப்படமும் இல்லை. அவ்வளவில் அது நன்று. ஆனால் அவனை மீட்கும் எண்ணம் அதில் இல்லை. புதியவர்களைச் சேர்க்காதிருந்தால், உள்ளவர்கள் ஒவ்வொருவராக இறந்து பதிவேடும் தானே முடிந்துவிடும் என்பதே கணக்கு. பெயரின் மேல் சிவப்புக் கோடு இழுப்பதே அந்த எழுத்தருக்கு எஞ்சிய பணி.

பதிவேடு முடியுமுன்னே வேறொன்று வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஆப்கானிய எல்லைப் பக்கத்திலிருந்து பிரவுன் சுகர் எனும் கச்சா ஹெராயின் பம்பாய்க்கும் டில்லிக்கும் வந்து இறங்கியது. உண்டவர் கிழவரல்லர், கல்லூரி மாணவரும் ரிக்‌ஷா இழுப்போரும். நாடாளுமன்றம் 1985இல் ஒரே கூட்டத்தொடரில் போதைப் பொருள்கள் சட்டத்தை நிறைவேற்றியது. 1857, 1878, 1930ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்கள் மூன்றும் நீங்கின. கடத்துவோர்க்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் உண்பதும் அச்சட்டத்தின் 27ஆம் பிரிவால் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. உரிமச் சீட்டோடு கடைக்குப் போன தாத்தாவின் பேரன் குற்றவாளிக் கூண்டில் நின்றான்.

நடுநிலையோடு சொல்வதானால், அதே சட்டத்தில் இரக்கத்துக்கும் இடம் உண்டு. 39ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கு அனுப்பலாம். 71ஆம் பிரிவின்படி அரசு சிகிச்சை மையங்கள் அமைக்கலாம். பதிவு பெற்றவர்க்கு மருந்தும் அளிக்கலாம். பின்னர்ச் சேர்ந்த 64ஏ பிரிவு, தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவோர்க்கு வழக்கிலிருந்து காப்பளிக்கிறது; சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அக்காப்பு திரும்பப் பெறப்படலாம். எழுத்தர் கண்ணுக்கு இவ்வரி உறுத்துகிறது. விழுந்து எழுந்து மீண்டும் விழுவதே இந்நோயின் இயல்பு. மீண்டும் விழுந்தால் காப்பில்லை என்பது, இருமினால் மருந்து நிறுத்தப்படும் என்று காசநோயாளியிடம் சொல்வது போலாகும்.

பழைய பதிவேடு வேறு உருவில் மீண்டு வந்ததையும் குறிக்க வேண்டும். 1990 வாக்கில் மணிப்பூரில் ஊசி வழி ஹெராயின் ஏற்றிக்கொண்ட இளைஞரிடையே எய்ட்ஸ் கிருமி பரவிற்று. அடித்தும் அடைத்தும் பார்த்துப் பயனின்றி, இம்பாலில் பழக்கத்திலிருந்து மீண்டவர்களே அமைப்புகள் தொடங்கித் தூய ஊசியும் புண்ணுக்கு மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தனர். அதன் பின் பூப்ரினார்பின் எனும் மாத்திரையை நாள்தோறும் செவிலியர் முன்னிலையில் நாவின் கீழ் வைத்துக் கரைக்கும் முறை நாட்டில் பரவியது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் அதனைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. பெயர், அளவு, கையொப்பம். மீண்டும் அதே பத்திகள். வேறுபாடு யாதெனில், இம்முறை பதிவேட்டின் அருகே ஒரு மருத்துவர் இருக்கிறார். ஏக்கம் தணிந்தவன் வேலைக்குப் போகிறான். ஒரு போதைக்கு மாற்றாக மற்றொன்றா என்று இதனை இகழ்வோர் நம்மிடையே உண்டு. நீரிழிவுக்கு ஆயுள் முழுவதும் மருந்துண்ணும் நம் பெரியவர்களிடம் அவ்வாறு கேட்பதில்லை.

சமூகநீதி அமைச்சகத்துக்காக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தார் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பு, அபினி வகைகளை நுகர்வோர் நாட்டில் சுமார் 2.26 கோடி பேர் என்றும், அவர்களுள் உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 77 லட்சம் என்றும் கூறிற்று. சட்டத்தைப் பேணுவது நிதியமைச்சகம், பிடிப்பது உள்துறை, மருந்து சுகாதாரத் துறை, மறுவாழ்வு சமூகநீதித் துறை. ஒரு மனிதனை நான்காகப் பகுத்தோம். வள்ளுவர் பகுத்தது போலன்று.

உழைச்செல்வான் எங்கும் இல்லை என்று முதலில் எழுதினோம். கோப்புகளில் இல்லை என்று திருத்திக்கொள்கிறோம். கோப்புக்கு வெளியே அவன் இருந்ததுண்டு. ஜோத்பூரை அடுத்த மனக்லாவ் என்ற ஊரில் நாராயண் சிங் என்பவர் அபினி மீட்பு முகாம்களை நடத்தினார். ஓர் ஊரார் பலர் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகத் தவித்து, ஒன்றாக ஊர் திரும்பினர். தனியே திரும்புபவனை ஊர் கேலி பேசும். கூட்டமாகத் திரும்புவோரை என் செய்யும்? சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்தபின், 1980இல் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் பின்னர் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாமிட்டபோது, மனைவியரையும் ஊர்ப் பெரியவர்களையும் சிகிச்சையில் பங்கு கொள்ளச் செய்தது. நோயுற்றவனுக்கு எவ்வளவு நேரமோ, அவனோடு வாழ்பவர்களுக்கும் அவ்வளவு நேரம் வேண்டும் என்பது அவ்விடங்களில் கண்ட பாடம்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது எளிதன்று. ஊரில் என்றால் சித்தப்பா இருப்பார், அத்தை இருப்பாள். இங்கு நமக்குள்ளது அரசுக் குடியிருப்பும், நான்கு தமிழ்க் குடும்பங்களும், அந்நான்கின் நடுவே கட்டிக் காக்கும் மானமும். மகன் ஊரில் பாட்டி வீட்டில் படிக்கிறான் என்று சொல்லப்பட்ட சில மகன்கள் எங்கிருந்தார்கள் என்பது நமக்கு வெகு நாள் கழித்தே தெரிந்தது.

நாம் பணியாற்றிய பிரிவில் நமக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். தலைநகரில் பிறந்த தமிழர். 1980களில் கல்லூரியில் அவருக்கு அப்பழக்கம் ஒட்டிக்கொண்டது, விட்டார், தந்தையார் பணிக்காலத்தில் காலமானதால் கருணை அடிப்படையில் அதே துறையில் வேலைக்கு வந்தார். குறிப்பு எழுதும் கலையை நமக்குக் கற்பித்தவர் அவரே. முத்துக் கோத்தாற்போன்ற கையெழுத்து. ஒரு கட்டத்தில் மீண்டும் விழுந்தார். நாள்கணக்கில் வரவில்லை. மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதி 22 போதைப் பொருள் பற்றியது என்பது இதனைப் படிக்கும் பலருக்கும் மனப்பாடம். அவருடைய கோப்பு நம் மேசைக்கு வந்தது. மருத்துவச் சான்றிதழ் இணைத்திருந்தார். நோயின் பெயர் அதில் இல்லை. நோய் இன்னதென்று நமக்குத் தெரியும். சான்றிதழில் நோய் குறிப்பிடப்படவில்லை, ஆதலின் விடுப்பை ஏற்பதற்கில்லை என்று நாம் குறிப்பு எழுதினோம். விதிப்படி அது சரி. மேலதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராக ஒப்பமிட்டனர். மாதங்கள் கழித்துப் பணிநீக்கம் ஆயிற்று, குடியிருப்பும் போயிற்று, அவர் தாயார் மாயவரம் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த அம்மாளின் கையால் எத்தனையோ முறை உண்ட நாம், அவர் வண்டி ஏறிய அன்று அலுவலகத்தில் இருந்தோம். கோப்பு முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தோம்.

ஆண்டுகள் பல சென்று, நம் குடியிருப்பில் நாம் சிலர் நடத்தும் சிறு தமிழ்ப் படிப்பகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். மெலிந்திருந்தார். மருத்துவமனையில் நாள்தோறும் மாத்திரை வாங்குவதையும், ஒரு கடையில் கணக்கு எழுதுவதையும் மறைக்காமல் சொன்னார். பழைய குறிப்பைப் பற்றி நாம் ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "அதில் ஒரு தப்பும் இல்லை, தம்பி. நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்" என்றார். தேற்றுவதற்காகச் சொன்னாரா, உள்ளபடியே சொன்னாரா என்று இன்றுவரை நமக்கு விளங்கவில்லை.

இப்போது படிப்பகத்தின் நூல்வரவுப் பதிவேட்டை அவரே எழுதி வருகிறார். நானூறுக்கு மேற்பட்ட நூல்கள் அந்த அழகிய கையெழுத்தில் ஏறியிருக்கின்றன. வார நாள்களில் மாலையில் வந்து திறந்து வைக்கவும் முன்வந்துள்ளார். அவரிடம் சாவியைக் கொடுக்கலாமா என்பது சென்ற கூட்டத்தில் பேச்சுக்கு வந்தது. குழந்தைகள் வரும் இடமாயிற்றே என்றனர் சிலர். உண்டியல் இருக்கிறதே என்றார் ஒருவர். நாம் அன்றும் வாய் திறக்கவில்லை. முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அக்கூட்டம் ஆவணி இரண்டாம் ஞாயிறன்று மாலை ஐந்து மணிக்கு. இம்முறை தீர்மானத்தை எழுதிக்கொண்டு போகிறோம்.